தம்பியை எங்க சேக்குறோம்னு கேட்டியே

பாப்பா,

ஞாயித்துக்கிழமை ராத்திரி போன்ல, ஊருக்கே திரும்பிப் போறோம், தம்பியை ஆறாம் கிளாஸுக்கு அங்க கவர்மென்ட் ஸ்கூல்ல சேக்கப் போறோம்னு சொன்னதும் நீ "ஓ"ன்ன. அப்புறம் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் "அவனுக்கு மட்டும் கணக்கு போட்டுப் பாத்தீங்களாக்கும்"னு கேட்டுட்டு வச்சிட்ட. மூணு தடவ கூப்ட்டேன், எடுக்கல. வாட்ஸப்ல எழுதி எழுதி அழிச்சேன், "டைப்பிங்"னு காட்டிக்கிட்டே இருந்திருக்கும் உனக்கு. அதான் இங்க எழுதுறேன். குழம்பும் கோலமும் போடுற இடத்துல இதை எதுக்கு எழுதுறன்னு கேப்ப. வேற எங்க எழுத.

2018ல ஏன் ஊரை விட்டுக் கிளம்புனோம்னு உனக்குத் தெரியும். இதை அத்தையும் படிப்பாங்க, அதனால அந்தக் கதை வேண்டாம். அப்பா மேல தப்பு இல்லைனு மட்டும் எழுதி வைக்கிறேன். முழுசா இல்லைனு.

ஆறாம் கிளாஸ்ல இருந்து கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சா பின்னாடி என்ன கிடைக்கும்னு கணக்கு போட்டோம், ஆமா. ஆனா உனக்குப் போடாம விட்டோம்னு நீ நினைக்கிறது தான் எனக்கு ஆகல. உனக்கும் போட்டோம் பாப்பா, அப்ப எங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு அது. கோவில்பட்டில எட்டு முடிச்ச பிள்ளை, தமிழ் மீடியம், திருப்பூர்ல எங்க சேக்குறதுன்னு கேட்டா பனியன் கம்பெனில ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஜெய்வாபாய் கார்ப்பரேஷன் ஸ்கூல்ல சேத்துருங்க, நல்லா படிக்க வைப்பாங்கன்னு ஒரு செக்கிங் அக்கா சொல்லுச்சு. நானும் அப்பாவும் போனோம். ஆயிரக்கணக்குல பிள்ளைங்க படிக்கிற இடம், நம்ம ஊரு ஸ்கூல் மாதிரி நாலு அஞ்சு இருக்கும்போல. வெளிய நின்னே பாத்துட்டு, இந்தக் கூட்டத்துல நம்ம பிள்ளை தொலைஞ்சு போயிருவாளோன்னு பயந்துட்டு வந்துட்டேன். உள்ள போய் ஒரு டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிக்கிறதே இல்லைனு சொன்னா பொய்.

அப்புறம் தான் அந்த மெட்ரிக் ஸ்கூல். பேரு வேண்டாம்.

அந்த என்ட்ரன்ஸ் அன்னிக்கு நடந்தது உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்குன்னு தெரியல. எனக்கு ஒரு துளி மறக்கல. நீ தீபாவளிக்கு எடுத்த ரோஸ் சுடிதார் போட்டிருந்த, கை கொஞ்சம் ஏறிப்போச்சு, இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருந்த. ஆபீஸ் ரூம்ல ஏசி, உனக்கு அது புதுசு. ஒரு மணி நேரம் பக்கத்து ரூம்ல எழுதிட்டு வந்த பேப்பரை அந்த மேடம் என் முன்னாடியே திருத்துனாங்க. கணக்குல மார்க் போட்டாங்க, பரவால்லன்னு நினைச்சேன். சயின்ஸ்ல ஒளிச்சேர்க்கை கேள்விக்கு நீ ஒரு இலை வரைஞ்சிருந்த. என்னா அழகா வரைஞ்சிருந்த! நடு நரம்பு, பக்க நரம்பு, ஒரு ஓரத்துல வட்டம் போட்டு பெருசாக்கிக் காட்டி, அம்புக்குறி போட்டு, பச்சையம், இலைத்துளை, சூரிய ஒளி, எல்லாம் எழுதியிருந்த. எல்லாம் சரி. எல்லாம் தமிழ்ல.

அவங்க படிக்கக் கூட இல்ல. சிவப்புப் பேனாவால மேல் மூலையில இருந்து கீழ் மூலை வரைக்கும் ஒரே கோடு. இலை மேலயே.

"தமிழ் மீடியமா? நைன்த்ல எப்படிங்க சமாளிப்பா?"ன்னு கேட்டாங்க. அவ ஸ்கூல்ல முதல் மூணு பேர்ல ஒருத்தி மேடம்னு சொல்லியிருக்கலாம். அந்தப் படம் சரி தானே மேடம்னு கேட்டிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? "வீட்ல இங்கிலீஷ் எல்லாம் சொல்லிக் கொடுக்குறோம் மேடம், இவ தான் கவனிக்க மாட்டா."

வீட்ல யாரு உனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தா? எனக்கே தெரியாது. நீ ஒண்ணும் சொல்லல. பேனா மூடியைக் கழட்டி மாட்டி கழட்டி மாட்டி, அந்த டிக் டிக் சத்தம். "சும்மா இரேன்"னு உன் கையில ஒரு தட்டு வேற தட்டுனேன். ஒரு சீட்டுக்காக அந்த நாற்காலி முன்னாடி நான் உன்னைய விட்டுக் கொடுத்தேன். ஸ்கூல் மாத்துனதுக்கு என்கிட்ட நூறு காரணம் இருக்கு, இதுக்கு ஒண்ணு கூட இல்ல. எட்டு வருஷமா சொல்லணும்னு இருந்தது இது தான். மன்னிச்சிரு.

ஆனா ஏட்டி, நீயும் ஒண்ணு ஒத்துக்கணும். சீட் கிடைச்சிருச்சுன்னதும் அந்த டையை வாங்கிட்டு வந்து கண்ணாடி முன்னாடி எத்தனை தடவ போட்டுப் பாத்த? ஆச்சிக்கு வீடியோ கால்ல காட்டுனது யாரு? நாங்க இழுத்துட்டுப் போன மாதிரி இப்ப பேசுற. அந்த ஃபீஸ் கட்ட என் தோடு போச்சு, அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டுனதில்ல, இன்னிக்கு சொல்றேன், கேட்டுக்க. பதிமூணு வயசுப் பிள்ளைகிட்ட இதை எல்லாம் எதிர்பாக்கக் கூடாதுன்னும் தெரியுது. தெரிஞ்சே தான் எழுதுறேன்.

கொடுமை என்னன்னா ரெண்டு பக்கமும் அதே பாடம். 2018ல தான் ஒம்பதாவதுக்கு புது புக்கு போட்டாங்க, அந்த க்யூஆர் கோடு எல்லாம் வச்சு. கவர்மென்ட் ஸ்கூல்ல அதை இலவசமா குடுத்தான், நாம இங்கிலீஷ்ல அச்சடிச்சதைக் காசு குடுத்து வாங்குனோம். கவர்மென்ட் ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன் 2012லயே ஆரம்பிச்சுட்டாங்கன்னு நான் தெரிஞ்சுக்கிட்டது எல்லாம் முடிஞ்சப்புறம். ஊர்ல டிசி வாங்கப் போனப்ப ஹெச்.எம். டீச்சர் "ஏம்மா, அங்கயும் நம்ம ஸ்கூல் இருக்குமே"ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சு மழுப்பிட்டு வந்தேன்.

தமிழ்ல பேசுனா அஞ்சு ரூபா ஃபைன்னு அங்க ஒரு சட்டம். நீ திங்கக்கிழமை காலைல என்கிட்ட இருபத்தஞ்சு ரூபா வாங்கிட்டுப் போவ. எதுக்குட்டின்னா, "அஞ்சு நாளைக்குப் பேச"ன்னு. அதை நினைச்சா இப்பவும் சிரிப்பு வருது, கொஞ்ச நேரத்துல வேற மாதிரி ஆயிருது. ஒரு வருஷத்துல நீ ஃபைன் கட்டாத பிள்ளை ஆயிட்ட. பத்தாவதுல அரையாண்டுக்கு நீ எடுத்த மார்க் பாத்து பப்ளிக்ல என்னமோ பண்ணப் போறான்னு இருந்தோம், 2020ல கொரோனா வந்து பரீட்சையே இல்ல, எல்லாரும் பாஸ்.

அதே வருஷம் அக்டோபர் கடைசி. ஆச்சி நம்ம வீட்ல இருந்தாங்க. டிவில நியூஸ், ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சு நீட் பாஸ் பண்ணவங்களுக்கு மெடிக்கல்ல ஏழரை சதவீதம். ஆச்சி அரைகுறையா காதுல வாங்கிட்டு "யாருக்குட்டி ஏழரை?"ன்னாங்க. நீ தட்டுல இருந்து தலையைத் தூக்காம "எனக்குத் தான் ஆச்சி"ன்ன. அப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. நீ பதினொண்ணாவது. ஆறு, ஏழு, எட்டு, மூணு வருஷம் கையில இருந்துச்சு, மிச்சத்தை நாங்க காசு கட்டி தொலைச்சிருந்தோம். அடுத்த வருஷமே இன்ஜினியரிங், அக்ரி, வெட்னரின்னு எல்லாத்துக்கும் அதே ஏழரை வந்துச்சு. நீ காலேஜ் சேந்த 2022ல புதுமைப் பெண்ணுன்னு மாசம் ஆயிரம், அதுக்கும் அதே ஆறுல இருந்து பன்னெண்டு. உன் பழைய பெஞ்சுக்காரி அதை வாங்குறான்னு நீ தான் சொன்ன, சாதாரணமா சொன்ன மாதிரி.

2018ல இதெல்லாம் வரும்னு எந்த ஜோசியக்காரன் சொன்னான்? ஒருத்தனும் சொல்லல. இதை எத்தனை தடவ எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்னு கணக்கே இல்ல.

இன்னொண்ணு. நீ நீட் எழுதுன வருஷம், உன் மார்க்க இங்க போட மாட்டேன், கவுன்சிலிங் முடிஞ்சப்புறம் பொது லிஸ்டையும் அந்த ஏழரை லிஸ்டையும் மொபைல்ல இறக்கி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். ராத்திரி ஒரு மணிக்கு, பாத்ரூம்ல உக்காந்து. என்ன பாத்தேன்னு அப்பாகிட்டயும் சொல்லல. நீ நேர்ல வந்து கேட்டா சொல்றேன். கேக்காம இருந்தா நல்லது.

தம்பி டாக்டராக எல்லாம் இல்ல, அவன் ஜேசிபி ஓட்டப் போறானாம். அவன் பன்னெண்டு முடிக்கிறப்ப நீட் இருக்குமா, இந்தச் சட்டம் இருக்குமா, யாருக்குத் தெரியும். இந்த தடவையும் நாங்க தப்பா கூட இருக்கலாம். ஆனா சேக்கப் போற ஸ்கூலுக்கு நான் மட்டும் போயிட்டு வந்தேன், வெளிய நிக்கல, உள்ள போய் டீச்சர்கிட்ட அரை மணி நேரம் பேசுனேன். உனக்கு இது போதாதுன்னு தெரியும். நீ கோபப்படு, பரவால்ல, ஆனா அவன்கிட்ட காட்டாத. அக்கா ஏன் பேசலன்னு ரெண்டு நாளா கேக்குறான்.

மே கடைசில லாரி சொல்லியிருக்கு. பரண்ல உன் ஒம்பதாவது புக்கு எல்லாம் சாக்குல கட்டிக் கெடக்கு. சயின்ஸ் புக்குல பாதி வரிக்கு மேல பென்சில்ல தமிழ்ல அர்த்தம் எழுதி வச்சிருக்க. அப்பா எடைக்குப் போட்டுறலாம்ங்குறாரு. நான் வேண்டாம்னு எடுத்து தனியா வச்சிருக்கேன். போடவா வேண்டாமான்னு அதை மட்டுமாவது சொல்லு.

அம்மா