பழைய டயரை ஏன் திருப்பி அனுப்புகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பழைய டயரையும் தண்ணீரில் நிற்கும் அலங்காரச் செடியையும் கன்டெய்னரில் ஏற்றுமுன் நாங்கள் காட்டும் கெடுபிடி பலருக்கு எரிச்சலூட்டுகிறது. பெட்டியை மருந்து போட்டுத் துடைத்தாயிற்றே என்கிறீர்கள். 2020-இல் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. கொரோனா ஊர்விட்டு ஊர் போனது பெரும்பாலும் ஆட்களின் மூச்சோடு. பெட்டியைத் தொட்டு வந்தது அரிது. சரக்கில் நாங்கள் பயப்படுவது தேங்கிய தண்ணீருக்குத்தான், அதில் வளரும் கொசுவுக்குத்தான்.

சிக்குன்குனியா பரப்பும் ஆசியப் புலிக்கொசு தானாகப் பறந்தால் சில நூறு மீட்டர் போகும். கடல் தாண்டியது டயருக்குள் முட்டையாக. 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனிலும், 1990-இல் இத்தாலியின் ஜெனோவாவிலும் அது குடியேறிவிட்டது தெரியவந்தது. இரண்டு இடத்திலும் பழைய டயர் வியாபாரம்தான் வழி. 2001-இல் தண்ணீரில் நிறுத்தி அனுப்பிய லக்கி பேம்பூ அலங்காரச் செடிகளோடு கலிபோர்னியாவில் இறங்கியது.

கொசு வந்தால் மட்டும் நோய் வராது, வைரஸும் வரவேண்டும். அது விமானத்தில் வரும். 2007-இல் இந்தியாவிலிருந்து போன ஒரு பயணியின் உடலில் இருந்த சிக்குன்குனியா, இத்தாலியின் ரவென்னா பகுதியில் ஏற்கெனவே பெருகியிருந்த புலிக்கொசுவிடம் சேர்ந்தது. 200-க்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். கொசு கப்பலில் வந்து இடம் பிடித்துக் காத்திருந்தது. வைரஸ் பல ஆண்டு கழித்து வந்தது. எந்த ஒரு சரக்கையும் குற்றவாளி என்று காட்ட முடியாது என்பதால்தான் இதில் எல்லோரும் அசட்டையாக இருக்கிறார்கள்.

1377-இல் ரகுசா (இன்றைய குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக்) துறைமுகம், கொள்ளைநோய்க்குப் பயந்து, நோய் பரவிய ஊர்களிலிருந்து வந்தவர்களை 30 நாள் தள்ளி நிறுத்தியது. இன்று காய்ச்சல் வெளிப்பட சில நாள் ஆகும், விமானமோ ஒரே நாளில் இறங்கிவிடும். வாசலில் காய்ச்சல் பார்த்து இதை நிறுத்த முடியாது. கொசுவை நிறுத்த முடியும்.

டயரைக் கழற்றிய அன்றே கூரைக்கடியில் வையுங்கள். மழையில் கிடந்த டயரைக் கவிழ்த்து வடித்தாலும் பயனில்லை. எப்படித் திருப்பினாலும் உள்வளைவில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். முட்டையோ நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உள்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிந்து, வெயில் காலத்தில் ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகும். எனவே "உலர்ந்த டயர்" என்பது மட்டும் போதாது. கொசுப்புகை பறப்பதைக் கொல்லும், முட்டையைத் தொடாது. உள்சுவரைக் கெட்டியான பிரஷால் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவைத்து, உடனே மூடிவையுங்கள். தார்ப்பாயைச் சரிவாக இழுத்துக் கட்டவும். தொய்ந்தால் அதுவே தொட்டியாகிவிடும்.

செடிகளைத் தண்ணீரில் நிறுத்தி அனுப்பவேண்டாம், வேரை ஈரமாகச் சுற்றினால் போதும்.

சரக்கை அடுக்கும் மரத்தட்டில் (பேலட்) 56 டிகிரி செல்சியஸ், 30 நிமிடம் சூடாக்கியதற்கான முத்திரை இருக்கிறதே என்று சிலர் காட்டுகிறார்கள். அது மரத்தைத் துளைக்கும் பூச்சிகளுக்கானது. மேலே அடுக்கிய டயருக்கு அது சான்றாகாது. டயர் எத்தனை நாள் வெளியே கிடந்தது என்பதைச் சரக்குப் பட்டியலோடு எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
சரக்கு அனுப்புகைப் பிரிவு