வீசாவுக்குப் போதும், ஆஸ்பத்திரிக்குப் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வெளிநாட்டுப் பயணம் பத்தி வர்ற பக்கத்த விடாம படிக்கிற ஆளு நான். டிக்கெட் எப்ப புக் பண்ணா சீப்பா கிடைக்கும், எந்த மாசம் குளிரு, பெட்டியில என்ன வெக்கலாம் எல்லாம் நல்லாவே எழுதறீங்க. ஆனா கடைசியில "டிராவல் இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்வது நல்லது"ன்னு ஒரு வரி போட்டு முடிச்சிடறீங்க பாருங்க, அந்த வரியோடதான் எனக்கு சண்ட. எந்த இன்சூரன்ஸ், அது எதுக்கெல்லாம் காசு குடுக்கும், எதுக்கு கைய விரிக்கும்னு ஒரு வார்த்த கிடையாது.

நெறைய பேரு இத வாங்கறது உடம்புக்காக இல்ல, வீசாவுக்காக. ஷெங்கன் வீசா, அதாவது ஐரோப்பாவுல பல நாட்டுக்கு சேத்துக் குடுக்கற ஒரே வீசா, அது கேட்டா குறைஞ்சது 30,000 யூரோ மெடிக்கல் கவரேஜ் இருக்கணும், தங்கற நாள் முழுக்க செல்லணும், அந்த நாடுகள் எல்லாத்துலயும் செல்லணும்னு அவங்க வீசா சட்டத்துலயே இருக்கு. ஏஜென்ட் இருக்கறதுலயே சீப்பானத எடுத்து பிரிண்ட் போட்டு ஃபைல்ல சொருகிடுவாரு, வீசாவும் வந்துடும். தூதரகத்துல பாக்கறது தொகை, தேதி, நாடு. உங்களுக்கு சுகர் இருக்கா, ஸ்டென்ட் வெச்சிருக்கா, அதனால ஏதாவது ஆச்சுன்னா இந்த பாலிசி குடுக்குமான்னு அவங்க எதுக்குங்க பாக்கணும், அது அவங்க வேலையே இல்ல. ஆனா வீசா குத்திட்டாங்கன்னா இன்சூரன்ஸும் ஓகேன்னு நம்மாளுங்க நெனச்சுக்கறாங்க.

அமெரிக்கா இதுக்கு நேர் எதிர். வைத்தியச் செலவு அவ்ளோ எகிறிப் போற ஊர்ல டூரிஸ்ட் வீசாவுக்கு இன்சூரன்ஸ் கேக்கவே மாட்டாங்க. 1986ல வந்த எம்டாலா சட்டப்படி எமர்ஜென்சின்னு போய் நின்னா காசு இருக்கா இல்லயான்னு பாக்காம பரிசோதிச்சு, ஆபத்து தாண்டற வரைக்கும் பாக்கணும், அது உண்மைதான். அதக் கேட்டுட்டு "அங்க எமர்ஜென்சி ஃப்ரீ"ன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறாங்க, ஐயையோ, ஃப்ரீன்னு யாரு சொன்னா? பாக்காம தொரத்தக்கூடாதுன்னுதான் சட்டம், பில்லு போடக்கூடாதுன்னு இல்ல. அந்த பில்லும் ஒண்ணா வராது, ஆஸ்பத்திரி ஒண்ணு, டாக்டர் ஒண்ணு, ஸ்கேன் பாத்தவரு ஒண்ணு, ஆம்புலன்ஸ் ஒண்ணுன்னு தனித்தனியா, நீங்க கெளம்பி வந்து எல்லாத்தையும் மறந்த பின்னாடியும் வந்துட்டிருக்கும்.

இங்கிலாந்துலயும் இதே மாதிரி ஒரு நெனப்பு உண்டு. அங்க கவர்மென்ட் ஆஸ்பத்திரி எமர்ஜென்சி டிபார்ட்மென்ட்ல பாக்கறதுக்கு யாருக்கும் காசு கிடையாது, சரி. ஆனா அங்கேருந்து வார்டுல அட்மிட் பண்ணாங்கன்னா வெளிநாட்டு விசிட்டருக்கு பொதுவா மீட்டர் ஓட ஆரம்பிச்சிடும், அதுவும் இங்கிலாந்துல வழக்கமான ரேட்ல இல்ல, 150 சதவீதம். 500 பவுண்டுக்கு மேல பாக்கி வெச்சுட்டு ரெண்டு மாசத்துக்கு மேல கட்டாம இருந்தா அந்தத் தகவல் உள்துறைக்குப் போயி அடுத்த வீசாவுக்கே வேட்டு வெக்கலாம்.

ஒரு நாட்டுக்காரங்க இன்னொரு நாட்டுல போய் சலுகையா பாத்துக்கற ஒப்பந்தங்களும் இருக்கு. ஐரோப்பாவுல ஒரு ஹெல்த் கார்டு வெச்சிருந்தா பக்கத்து நாட்டு அரசு ஆஸ்பத்திரியில அந்த ஊர்க்காரங்க மாதிரியே பாப்பாங்க, ஆஸ்திரேலியாவும் பதினோரு நாடுகளோட இப்படி ஏற்பாடு வெச்சிருக்கு. லிஸ்ட்டுல உங்க நாடு இருந்தா பெரிய விஷயம்தான், ஆனா அப்பவும் உங்கள ஊருக்குத் தூக்கிட்டு வர்ற செலவு அதுல வராது, பிரைவேட் ஆஸ்பத்திரியும் வராது. தூதரகம் பாத்துக்கும்னு சிலர் சொல்றாங்க, அவங்க டாக்டர் லிஸ்ட் குடுப்பாங்க, வீட்டுக்கு போன் பண்ணி சொல்லுவாங்க, ஆஸ்பத்திரி பில்ல கட்டுவாங்கன்னு எதிர்பாக்காதீங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இதத்தான் நீங்க பெருசா எழுதணும். ப்ரீ எக்ஸிஸ்டிங், அதாவது ஏற்கனவே இருக்கற வியாதி. ஐம்பது வயசு தாண்டினா பிபி, சுகர், கொலஸ்ட்ரால், தைராய்டுன்னு ஏதாவது ஒரு மாத்திரை இல்லாத ஆளு ரொம்பக் கம்மி. ஆனா டிராவல் பாலிசியில பாதிக்குப் பாதி சண்ட வர்ற எடம் இதுதான்னு என் அபிப்பிராயம். சில பாலிசி இத மொத்தமாவே ஒதுக்கிடும். சிலது உயிருக்கே ஆபத்துன்னா மட்டும், அந்த ஆபத்து தாண்டற வரைக்கும் மட்டும் குடுக்கும். விசிட்டருக்குன்னு விக்கற அமெரிக்க பாலிசிகள்ல "அக்யூட் ஆன்செட்"னு ஒண்ணு போடுவாங்க, ஏற்கனவே இருந்த வியாதி எந்த முன்னறிவிப்பும் இல்லாம திடீர்னு முத்தணும், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும், அப்பதான் காசு. நெஞ்சு ரெண்டு நாளா ஒரு மாதிரி இருந்துச்சு, வாயுன்னு நெனச்சு விட்டுட்டேன்னு டாக்டர்கிட்ட பேச்சுவாக்குல சொன்னீங்கன்னா அது ஃபைல்ல ஏறிடும், அப்புறம் "திடீர்னு" எங்க இருக்கு? எழுபது வயசுக்கு மேல போனா கவரேஜ் தொகையவே குறைச்சிடற பாலிசியும் இருக்கு, மொத பக்கத்துல பெரிய எழுத்துல இருக்கற தொகை உங்க வயசுக்கானதான்னு பாக்கணும்.

கனடா பக்கம் விக்கற பாலிசியில இன்னொரு கண்ணி, ஸ்டேபிளா இருக்கணும்னு ஒரு ஷரத்து. கெளம்பறதுக்கு முன்னாடி இத்தன நாள், 90ஓ 180ஓ, அந்த வியாதிக்கு மருந்து மாறக்கூடாது, டோஸ் மாறக்கூடாது, புதுசா டெஸ்ட் எழுதியிருக்கக்கூடாது. டோஸ் கூட்டினா சரி, புரியுது, குறைச்சாலும் மாத்தினதாவே எடுத்துக்கற பாலிசி நெறைய. ஊருக்குப் போறோமேன்னு பொறுப்பா போய் செக்கப் பண்ணி, டாக்டரும் நல்ல மனசோட மாத்திரைய கொஞ்சம் மாத்திக் குடுத்து, அதனாலயே கவரேஜ் போற நெலம, என்னத்த சொல்றது. அதனால செக்கப்ப கெளம்பற வாரம் வெச்சுக்காம பல மாசம் முன்னாடியே முடிச்சிடுங்க, கடைசி நேரத்துல மருந்து மாத்தித்தான் ஆகணும்னா மாத்திக்கங்க, உடம்பு முக்கியம், ஆனா உடனே கம்பெனிக்கு எழுதிக் கேளுங்க.

வியாதிய சொல்லாம மறைச்சுட்டா பிரீமியம் கம்மியாகும்னு ஒரு யோசன ஊரெல்லாம் ஓடுது, ஏஜென்ட்டே சொல்லிக் குடுக்கறாரு. எங்க சொந்தத்துல ஒரு பெரியவர் அப்படித்தான் ஃபார்ம்ல எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு டிக் போட்டுட்டுப் போனாரு. போன எடத்துல மயங்கி விழுந்தாரு, டாக்டர் கேட்ட மொத கேள்வியே என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னுதான், அந்த நேரத்துல யாரு பொய் சொல்லுவா, சொல்லவும் கூடாது, மகன் எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டாரு. டிஸ்சார்ஜ் சம்மரி நேரா இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போச்சு, கிளைம் கோவிந்தா. கோவம் வருதுதான், ஆனா யாரத் திட்டறது, ஃபார்ம்ல இருக்கறது அவரு கையெழுத்து, டிக் போடச் சொன்ன ஏஜென்ட் பேரு எங்கயும் இல்ல.

சின்னப் பசங்களுக்கு வேற பிரச்சன. பீச் ஊருக்குப் போயி வாடகைக்கு ஸ்கூட்டர் எடுத்து ஓட்டுவாங்க, டூவீலர் லைசென்ஸ் இருக்காது, இல்ல அந்த நாட்டுல அது செல்லாது, விழுந்து கால ஒடைச்சா லைசென்ஸ் எங்கன்னுதான் பாலிசிக்காரன் கேப்பான். குடிச்சிருந்தாலும் பொதுவா இதே கதிதான். ஸ்கூபா, மலையேத்தம் இதுக்கெல்லாம் தனியா காசு கட்டி சேத்தாதான் வரும், அப்பவும் இவ்ளோ ஆழம், இவ்ளோ ஒசரம்னு கணக்கு வெச்சிருப்பாங்க. பல்லு வலின்னா வலிய நிறுத்தற அளவுக்கு ஏதோ சில்லறை.

கிரெடிட் கார்டுலயே இன்சூரன்ஸ் இருக்கேன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்த, அதுல பாதி வெறும் விபத்துக்கு மட்டும், டிக்கெட்ட அந்த கார்டுலயே எடுத்திருக்கணும்னு வேற இருக்கும். படிச்சுப் பாத்துட்டு அப்புறம் பெருமையா பேசலாம்.

இன்னொண்ணு, திரும்பக் கொண்டு வர்றது. படுத்த நெலமையில ஃப்ளைட்ல ஏத்தணும்னா ஏர்லைனுக்கு டாக்டர் ஃபார்ம் குடுத்து அனுமதி வாங்கணும், ஸ்ட்ரெச்சருக்கு பல சீட்ட மடக்கிப் போடுவாங்க, அத்தனைக்கும் காசு, கூட டாக்டரோ நர்ஸோ வரணும், அவங்களுக்கும் காசு. ஏர் ஆம்புலன்ஸ்னா கேக்கவே வேணாம். பாலிசியில எவாக்குவேஷன்னு தனித் தொகை இருக்கும், அத யாரும் பாக்கறதில்ல, ஆனா இருக்கறதுலயே பெரிய செலவு சில நேரம் இதுதான். தேவையா இல்லயான்னு முடிவு பண்றது நம்ம குடும்பம் இல்ல, இன்சூரன்ஸ் கம்பெனியோட டாக்டர். அவங்களக் கேக்காம நீங்களே ஏற்பாடு பண்ணிட்டா பைசா வராதுன்னு அநேகமா எல்லா பாலிசியிலயும் எழுதியிருக்கும். அதனால பாலிசியில இருக்கற கம்பெனியோட அவசர உதவி போன் நம்பர செல்போன்ல மட்டும் வெக்காம பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வைங்க, கூட வர்றவங்க கிட்டயும் குடுங்க, மயங்கினவர் போன எப்படி அன்லாக் பண்றது? சாப்பிடற மருந்தோட லிஸ்ட்டும் அதோடயே இருக்கட்டும், பிராண்ட் பேருல இல்ல, மருந்துப் பேருல, பிராண்ட் நாட்டுக்கு நாடு மாறும்.

ஆசிரியர் சார், நான் கேக்கறது இவ்ளோதான். லீவு சீசன் வர்றதுக்கு முன்னாடி ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, நாலஞ்சு பாலிசியோட "இதுக்கெல்லாம் கெடையாது" பகுதிய மட்டும் பேச்சுத் தமிழ்ல போடுங்க, விளம்பரம் குடுக்கற கம்பெனியோடதும் சேத்துத்தான். அதுவரைக்கும் வாசகர்கள் ஏஜென்ட் கிட்ட ரெண்டு கேள்வி கேக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு மொதல்ல காசு கட்டறது நானா, கம்பெனியா? நான் சாப்பிடற இந்த மாத்திரைக்கான வியாதியால அட்மிட் ஆனா எவ்ளோ வரும்? பதில் மெயில்ல வரட்டும். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"னு போன்லயே மழுப்பினா வேற ஏஜென்ட்ட பாக்கறது நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்