பரந்தூர் விமான நிலைய இடத்தேர்வு: காரணங்களைக் கிராம சபையில் வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஏரிப்பாசன விவசாயி,
பரந்தூர் வட்டாரம், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூரைத் தேர்ந்த ஒப்பீட்டு விவரங்களைத் தமிழில் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

மீனம்பாக்கத்தில் இடம் போதவில்லை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. திருப்போரூர், படாளம், பன்னூர், பரந்தூர் என்று நான்கு இடங்களைப் பார்த்து, 2022 ஆகஸ்டில் எங்கள் பகுதியை அறிவித்தார்கள். பன்னூரைவிட இங்கே வீடுகள் குறைவு என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வீடுகளை எண்ணியவர்கள் ஏரி மதகுகளையும், நிரம்பிய நீர் வழிந்தோடும் கலங்கல்களையும் எண்ணினார்களா என்பதே எங்கள் கேள்வி.

சித்திரையில் வந்து பார்ப்பவர்களுக்கு எங்கள் ஏரி வெறும் மேய்ச்சல் தரை. ஐப்பசி அடைமழையில் வந்து பாருங்கள். கலங்கல் வழியும்போது கெண்டைகள் நீரை எதிர்த்து ஏறும், பிள்ளைகள் பழைய வேட்டியை விரித்துப் பிடிப்பார்கள். அந்த நீர் வீணாகப் போவதில்லை. ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. பாலாற்று நீரை ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குக் கொண்டுசெல்லும் கம்பன் கால்வாயும் இந்த வழியாகத்தான் ஓடுகிறது. அதன் உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. இங்கே ஓடுபாதைக்காக மண் கொட்டி மேடாக்கினால் அந்த நீர் எந்தப் பக்கம் திரும்பும்? இது எங்கள் ஒன்றே கால் ஏக்கர் நஞ்சையைப் பற்றிய கவலை மட்டுமல்ல, சென்னையின் குடிநீரையும் வெள்ளத்தையும் பற்றியது. அடையாற்றின் மேல் பாலம் கட்டி ஓடுபாதையை நீட்டிய மீனம்பாக்கம், 2015 டிசம்பர் வெள்ளத்தில் நாள்கணக்கில் மூடிக் கிடந்ததை மாநிலமே பார்த்தது.

இந்தத் திட்டத்துக்கு நிலம் எடுக்கவிருக்கும் ஊர்களில் ஒன்றான ஏகனாபுரத்தின் கிராம சபை மீண்டும் மீண்டும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதிக்கான கருத்துக் கேட்புக் கூட்டமோ இடத்தை முடிவு செய்த பிறகு நடப்பது. முடிவெடுத்துவிட்டுக் கருத்துக் கேட்டால் நாங்கள் எதைச் சொல்லி என்ன ஆகும்? இழப்பீட்டுத் தொகையைப் பற்றிப் பேச எங்களை அழைக்கிறார்கள், இடத்தைப் பற்றிப் பேச யாரும் அழைக்கவில்லை. எங்கள் மனம் கொதிப்பது இதனால்தான்.

ஆகவே, நான்கு இடங்களையும் ஒப்பிட்ட அறிக்கையையும் நீரோட்டம் குறித்த ஆய்வையும் முழுமையாகத் தமிழில் எங்கள் கிராம சபைகளில் வைத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்ல நீர்வளத் துறைப் பொறியாளர்களை அனுப்ப வேண்டுகிறோம். அதுவரை ஏரிகளையும் வரத்துக் கால்வாய்களையும் தொடும் எந்தப் பணியும் நடக்காமல் நிறுத்திவைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின்போது தாங்களே ஒருமுறை நேரில் வந்து, ஏரிக்கரை வழியாகக் கம்பன் கால்வாய் வரை எங்களோடு நடந்து பார்க்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வழிகாட்ட ஊர்ப் பெரியவர்கள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏரிப்பாசன விவசாயி