வெள்ளம் வடிந்தாலும் ஆற்றங்கரை ஆபத்தே

ஐயா,

தாமிரபரணியில் வெள்ளம் வடிகிறது, திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோவில் மண்டபம் மறுபடியும் வெளியே தெரிகிறது என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். மகிழ்ச்சிதான். ஆனால் மறுநாள் காலையே நாய்களைக் கையில் பிடித்துக்கொண்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடும் என்னைப் போன்றவர்களுக்கு, தண்ணீர் ஏறும்போது இருப்பதைவிட இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். ஏறும்போதாவது காவலுக்கு ஆள் நிற்கும்! 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு கொக்கிரகுளம் பக்கம் என் சிப்பிப்பாறை நாயை அழைத்துப் போனேன். மேலே காய்ந்து வெடித்திருந்த வண்டலுக்கு அடியில் முழங்கால் ஆழம் சேறு. நாயை இழுத்து வெளியே எடுப்பதற்குள் அதன் பாதத்தைக் கண்ணாடிச் சில்லு கிழித்துவிட்டது.

காயம்கூடப் பரவாயில்லை. எலிகளின் சிறுநீர் கலந்து தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது நாய்க்கும் தொற்றும், அதன் சிறுநீர் வழியாக நமக்கும் வரும். நாய்க்குப் போடும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இதற்கு உதவாது, தனி ஊசி உண்டு. வெள்ளம் வரும்போது ஒலிபெருக்கியில் எச்சரிக்கும் மாநகராட்சி, வடிந்த பிறகும் படித்துறைகளில் சேறு அள்ளி முடியும்வரை கயிறு கட்டி வைக்கலாம். அப்படியே கால்நடை பராமரிப்புத் துறை அங்கேயே ஒரு தடுப்பூசி முகாமும் நடத்தினால், திருநெல்வேலி சந்திப்பிலிருந்து மேலப்பாளையம் வரை நாய் வளர்ப்பவர்கள் வருவார்கள்.

– ஒரு வாசகர், வண்ணார்பேட்டை