சாப்பாட்டு மேசைக்குள் கணினி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாப்பாட்டு மேசைக்குள் கணினியைப் பதிக்காதீர்கள். சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான் இந்தக் கடிதம். ஆனால் இதைச் சொன்னதும் வீட்டில் இருக்கும் இளசுகள் "மாமாவுக்குப் புதுசு எதுவும் பிடிக்காது" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதனால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், நீளம் என்று பட்டால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

என் தங்கை மகன் நம் சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் நாலறை வீட்டுக்குச் சாவி வாங்கியிருக்கிறான். ரெனவேஷன் கம்பனி கொடுத்த விலைப்பட்டியலில் சமையலறை அலமாரிக் கதவில் ஒரு தொடுதிரை, சாப்பாட்டு மேசையின் நடுவில் கண்ணாடிக்கு அடியில் இன்னொரு பெரிய தொடுதிரை, அதற்குள்ளேயே கணினி, எல்லாம் பலகையோடு பலகையாகப் பதித்து ஒட்டிக் கொடுப்பார்களாம். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மேசையின் விலைக்கு நல்ல தேக்கு மேசை ஒன்றும் ஒரு டேப்லட்டும் வாங்கிவிட்டு மிச்சக் காசில் குடும்பத்தோடு பாத்தாம் தீவுக்குப் போய்வரலாம்.

இது புதுசு என்று சொல்லி விற்கிறார்களே, அதுதான் எனக்குச் சிரிப்பு. 2007 மே மாதமே மைக்ரோசாஃப்ட் "சர்ஃபேஸ்" என்று ஒரு மேசையைக் காட்டியது. காப்பி மேசை உயரம், 30 அங்குலத் திரை. மேசைக்குள் ஒரு புரொஜெக்டர் கீழிருந்து மேலே படத்தை வீசும், ஐந்து அகச்சிவப்புக் கேமராக்கள் யார் விரல் எங்கே படுகிறது என்று அடியிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே நேரத்தில் தொடலாம், படங்களைத் திருப்பலாம், இழுக்கலாம். நல்ல வேலைப்பாடு, அதில் சந்தேகமே இல்லை. விலை ஏறக்குறைய 10,000 அமெரிக்க டாலர். வாங்கியதெல்லாம் ஹோட்டலும் சூதாட்டக்கூடமும் தொலைபேசிக் கடைகளும்தான். வீடுகளுக்கும் வந்துவிடும் என்றார்கள், வரவில்லை. 2012ல் சாம்சங்கோடு சேர்ந்து 40 அங்குலத்தில் மெலிதாக இன்னொன்றைச் செய்தார்கள். அதே ஆண்டில் சர்ஃபேஸ் என்ற பெயரை மேசையிடமிருந்து எடுத்துக் கையில் தூக்கிக்கொண்டு போகும் கணினிக்கு வைத்துவிட்டார்கள். இடையில் 2010ல் ஐபேட் வந்துவிட்டதே, அப்புறம் யார் மேசையைச் சுற்றி உட்காரப் போகிறார்கள்?

இக்கியாவும் அதே 2012ல் தொலைக்காட்சியையும் ஒலிபெருக்கியையும் அலமாரியோடு சேர்த்து ஐரோப்பாவில் விற்றுப் பார்த்தது, நீடிக்கவில்லை. குளிர்பதனப் பெட்டி கதை இன்னும் பழசு. எல்ஜி 2000ஆம் ஆண்டிலேயே இணையம் பார்க்கும் திரையைக் கதவில் வைத்து 20,000 டாலருக்கு மேல் விலை சொன்னது. அமெரிக்காவில் அந்தக் காசுக்குக் காரே வாங்கலாம், நம் ஊரில் கார் வைத்துக்கொள்ள வாங்க வேண்டிய சிஓஇ உரிமைச் சான்றிதழ்கூட வராது என்பது வேறு விஷயம்.

சரி, இதெல்லாம் ஏன் வீட்டில் நிற்கவில்லை? நான் பல வருஷம் தொலைக்காட்சி பழுது பார்த்தவன், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்கிறேன். மரச்சாமானுக்கு ஒரு வயசு, மின்சாதனத்துக்கு வேறு வயசு. இங்கே 1963ல் தொலைக்காட்சி தொடங்கிய காலத்தில் பெட்டி என்றாலே மரச்சாமான்தான், நாலு கால், இழுத்து மூடும் கதவு, வார்னிஷ் பளபளப்பு, கூடத்தில் அதற்கென்று ஓர் இடம். அதுவும் "உள்ளே பதித்த" சாதனம்தானே என்று தங்கை மகன் என்னை மடக்கினான். உண்மைதான், ஆனால் அந்தப் பெட்டியின் பின்பக்கம் ஓர் அட்டை இருக்கும், காற்றுப் போக ஓட்டைகள் போட்டு, சில திருகுகளில் மட்டும் நிற்கும். திருகைக் கழற்றினால் வால்வு, படக்குழாய், மின்தேக்கி எல்லாம் கைக்கு எட்டும். ஜாலான் புசார் பக்கம் போய் சிம் லிம் டவரில் உதிரிபாகம் வாங்கி வந்து மாற்றிவிட்டு அதே சாயங்காலம் செய்தி பார்க்க வைத்துவிடுவோம். குழாய் முற்றிலும் போனபிறகும் பெட்டி போகாது. உள்ளே இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பித்தளை விளக்கும் பாத்திரமும் வைத்துக்கொண்ட வீடுகள் எனக்குத் தெரியும்.

இப்போது பதிக்கிறார்களே, அதில் பின்பக்கமே கிடையாது. பசை போட்டு ஒட்டியாகிவிட்டது. திரையில் கீறல் விழுந்தால் மேசையையே உடைக்க வேண்டும். அந்த அளவில் அதே திரை நாலு வருஷம் கழித்துக் கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள், நான் கேட்டுப் பார்த்தேன், விற்பனைப் பெண் அழகாகச் சிரித்தார்.

திரை உடைவதை விடப் பெரிய தலைவலி மென்பொருள். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தன, எத்தனையோ நல்ல கணினிகள் அன்றைக்கே வயசாகிவிட்டன. மேசைமேல் இருக்கும் கணினி என்றால் தூக்கி ஓரமாக வைக்கலாம், மேசைக்குள் இருப்பதை என்ன செய்வது? கூகுள் தன் நாட்காட்டியின் பழைய இணைப்பு முறையை 2014 வாக்கில் நிறுத்தியபோது சாம்சங்கின் பழைய திரைவைத்த குளிர்பதனப் பெட்டி ஒன்றில் நாட்காட்டி வேலை செய்யாமல் போனது. பெட்டி நன்றாகக் குளிர்ந்துகொண்டுதான் இருந்தது, திரை மட்டும் செத்துவிட்டது. 2016ல் 21.5 அங்குலத் திரையோடு வந்த அதே நிறுவனத்தின் ஃபேமிலி ஹப் வரிசையில் 2025ல் அமெரிக்காவில் மென்பொருள் புதுப்பிப்பு வழியாக விளம்பரம் காட்டத் தொடங்கினார்கள். காசு கொடுத்து வாங்கி நம் சமையலறையில் வைத்த பெட்டி, நமக்கே விளம்பரம் காட்டுகிறது! நாளைக்குச் சாப்பாட்டு மேசையும் காட்டாது என்று என்ன நிச்சயம்? சோறு போடும்போது தட்டுக்கு அடியில் கடன் அட்டை விளம்பரம் ஓடினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் வழக்கமாக ஐந்து வருஷம். அது முடிந்து வீட்டை விற்கலாம் என்று நினைக்கும் நேரத்தில் சுவரிலும் மேசையிலும் பதித்ததெல்லாம் பழசாகிப் போயிருக்கும், பார்க்க வருகிறவர் அதை ஒரு குறையாகத்தான் கணக்குப் போடுவார்.

அப்புறம் நம் வீட்டுப் பழக்கம். படத்தில் மேசைமேல் ஒரு வெள்ளைப் பூச்சாடியும் ஒரு கோப்பையும்தான் இருக்கின்றன. நம் வீட்டு மேசையில் குக்கர் இறங்கும், ரசம் சிந்தும், வாரக்கடைசியில் வாழையிலை விரியும், சாப்பிட்டு முடித்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. இந்த ஈரத்துணிதான் தொடுதிரைக்கு எமன். இப்போது வரும் திரைகளில் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திப் படலம், பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்ஸைடு, கட்டம் கட்டமாக ஓடுகிறது. விரல் பக்கத்தில் வந்தால் அங்கே தேங்கியிருக்கும் மின்னூட்டம் கொஞ்சம் மாறும், அதை வைத்துத்தான் எங்கே தொட்டோம் என்று கண்டுபிடிக்கிறது. தண்ணீரும் அந்த மின்னூட்டத்தை மாற்றும். ஆக, ஈரத்தை விரல் என்று நினைத்துத் திரை தானாகவே எதையாவது திறக்கும், இல்லை விரலையே கண்டுகொள்ளாது. மழையில் கைபேசி படுத்தும் பாடு எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஈரத்தைச் சமாளிக்கும் திரைகள் தொழிற்சாலைகளுக்கென்று இருக்கின்றன, ஆனால் ரெனவேஷன் கம்பனி உங்களுக்கு அதைத்தான் போடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சூடு இன்னொன்று. கணினிக்குக் காற்று வேண்டும். மூடிய பலகைக்குள் அடைத்தால் சூடு ஏறும், காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டால் கரப்பான் பூச்சி குடியேறும். சிரிக்காதீர்கள், தொழிலில் இருந்தவர்களைக் கேளுங்கள், கதகதப்பும் இருட்டும் உள்ள மின்பெட்டி என்றால் அதற்குச் சொர்க்கம், சாப்பாட்டு மேசை என்றால் கீழேயே விருந்தும் கிடைக்கும். நான் திறந்த பெட்டிகளில் பழுதுக்குக் காரணமே அதுதான் என்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நம் ஊர் ஈரக்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பலகை ஒருபக்கம் உப்பும், கண்ணாடி உப்பாது, விளிம்பில் இடைவெளி விழும், ரசம் அந்த வழியாக இறங்கும். மேசைக்குள் ஓடுவது நம் வீட்டு 230 வோல்ட் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நிரந்தரமாக ஒயர் இழுத்துப் பொருத்துவதென்றால் உரிமம் பெற்ற மின் ஊழியர் செய்ய வேண்டும், அடாப்டரில் பாதுகாப்புக் குறி இருக்க வேண்டும். தச்சு வேலைக்கு வந்தவரே "இதையும் சேர்த்து முடிச்சிடறேன்" என்றால் விடாதீர்கள்.

தொடுதிரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மாமியாருக்கு மவுஸ் பிடிக்க வராது, ஆனால் சமூக மன்றத்தில் முதியவர்களுக்குக் கைபேசியும் டேப்லட்டும் பழக்கிவிடும் மின்னிலக்கத் தூதர் சொல்லிக் கொடுத்த பிறகு டேப்லட்டில் மதுரையில் இருக்கும் தம்பியை அவரே கூப்பிட்டுப் பேசுகிறார். அதற்கு ஒரு சின்னத் தாங்கி போதும். சமையலறையில் திரை வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது, இதைத்தான் தங்கை மகனிடமும் சொன்னேன். கணினித் திரைகளின் முதுகில் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நாலு திருகு ஓட்டைகள் இருக்கும், அதற்கு வெசா என்று பெயர், பல நிறுவனங்களும் அதே அளவைத்தான் வைக்கின்றன. அலமாரிப் பலகையில் அந்த அளவுக்கு ஒரு தகடு, பக்கத்தில் ஒரு மின்செருகி, ஒயர் போக ஒரு வழி, கையை விட்டு எட்டுகிற மாதிரி கழற்றக்கூடிய ஒரு மூடி. இவ்வளவு செய்து கொடுக்கச் சொன்னால் போதும். திரை போனால் நாலு திருகைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம், அலமாரி அப்படியே இருக்கும். தச்சருக்கு இது அரைநாள் வேலைகூட இல்லை. கம்பனிகள் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் இதில் லாபம் இல்லை.

தூக்கிப் போடுவதையும் யோசிக்க வேண்டும். இங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. 2021 ஜூலையிலிருந்து அதைச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீதும் போட்டிருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. புதுக் குளிர்பதனப் பெட்டி வாங்கினால் கடைக்காரரே பழசை எடுத்துக்கொண்டு போகிறார். பழைய மேசை என்றால் நகர மன்றத்தைக் கூப்பிடலாம். இரண்டும் ஒட்டிக்கிடக்கும் இந்தச் சாமானை என்ன செய்வது? மின்கழிவுப் பெட்டியின் வாயில் மேசை நுழையாது, மரக்கழிவோடு போட்டால் உள்ளே இருக்கும் மின்பலகையும் சேர்ந்து எரியும். செமக்காவ் தீவில் குப்பை நிரப்ப இருக்கும் இடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஊரில் இப்படி ஒரு பொருளை வேலை மெனக்கெட்டுச் செய்ய வேண்டுமா?

நமக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பரிகாரம் தரும் லெமன் சட்டம் 2012 செப்டம்பரிலிருந்து இருக்கிறது, வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது ஆரம்பத்திலேயே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நாலாவது வருஷம் மென்பொருள் நின்றுபோனால் அந்த ஆறு மாதம் எதற்கு உதவும்? 2020ல் வைஃபை ரௌட்டரில் தொடங்கி, பிறகு கேமரா, கதவுப் பூட்டு போன்றவற்றுக்கும் இங்கே நாலு நிலைகளில் சைபர் பாதுகாப்பு முத்திரை கொடுக்கிறார்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் இணையத்தோடு இணையும் பொருளை விற்கிறவர்கள் எத்தனை காலம் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவோம் என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நம் ரெனவேஷன் கம்பனிகளும் விலைப்பட்டியலில் அந்த ஒரு வரியைச் சேர்த்து எழுதட்டும்: எந்த ஆண்டு வரை புதுப்பிப்பு, அதற்குப் பிறகு திரையை மட்டும் கழற்ற முடியுமா, கழற்ற யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும். கேமராவும் மைக்கும் உள்ள மேசை என்றால் அதையும் எழுதட்டும், சாப்பிடும்போது நாம் பேசாத குடும்ப விஷயமா?

உங்கள் செய்தியாளர் யாராவது இந்த மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டு நாலைந்து ரெனவேஷன் கம்பனிகளிடம் நேரில் கேட்டு, வந்த பதிலை அப்படியே போட்டால், சாவிக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். வராத பதிலையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைக்காட்சிப் பழுதுபார்ப்பாளர்,
அங் மோ கியோ