தம்பி, முதலில் ஃப்ரிட்ஜில் இடம் பண்ணு

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவின் பிறந்தநாளுக்கு நீயே கேக் செய்யப் போகிறாய் என்று கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. கூடவே நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததும் கொஞ்சம் பகீரென்றது. மூன்று அடுக்கு, உச்சியில் கொம்பு வைத்த குதிரை, பக்கவாட்டில் வழியும் சாக்லேட், சுற்றிலும் பூ. கீழே ஒரு வரி: "அக்கா, எனக்கு அலங்காரம் கைவராது, அதுக்கு மட்டும் ஒரு வழி சொல்லு."

நான் பார்த்தவரை அலங்காரம் சொதப்புவதற்குக் கையை மட்டும் குறை சொல்ல முடியாது. சூடு ஆறாத கேக்கில் இளகிய க்ரீமைத் தடவினால் பழுத்த அனுபவசாலிக்கும் அது வழுக்கிக்கொண்டுதான் போகும். கேக் நன்றாகக் குளிர்ந்து, க்ரீம் பதமாக இருந்து, நடுநடுவே காத்திருக்க நேரமும் இருந்தால் உன் கையே தாராளம். அதனால் குதிரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஃப்ரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய். கேக் பலகையோடு அப்படியே உள்ளே போக வேண்டும். உயரத்தையும் சேர்த்து டேப் வைத்து அள, கண்ணளவு வேண்டாம்.

மூன்று அடுக்கை மறந்துவிடு. ஒன்றன்மேல் ஒன்றாக அப்படி ஏற்ற, கீழ் கேக்குக்குள் குச்சிகளை நட்டு, மேல் கேக்குக்குத் தனி அட்டை கொடுத்துப் பாரத்தைத் தாங்கவைக்க வேண்டும். முதல் கேக்குக்கு அந்த வம்பு எதற்கு? 8 அங்குல வட்ட டின்னில் இரண்டு கேக் சுட்டு, நடுவில் க்ரீம் வைத்து அடுக்கினால் பதினைந்து இருபது பேர் சாப்பிடலாம். வீட்டில் இருப்பது 9 அங்குல டின் என்றால் கணக்கு மாறும். 8 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 50 சதுர அங்குலம், 9 அங்குலத்துக்கு 64. பார்க்க ஒரே அங்குலம், ஆனால் கலவை கால் பங்குக்கு மேல் கூடுதலாக வேண்டும். இது தெரியாமல் "எனக்கு மட்டும் கேக் தட்டையாகவே வருது" என்று புலம்புபவர்கள் நிறைய.

அளவு சுலபம். ஓடு நீக்கிய முட்டை ஒன்று ஏறக்குறைய 50 கிராம். நான்கு முட்டைக்கு வெண்ணெய், சர்க்கரை, மைதா மூன்றும் தலா 200 கிராம். பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு மேசைக்கரண்டி பால், கொஞ்சம் வனிலா. கப் கணக்கு வேண்டாம். அள்ளுகிற விதத்தைப் பொறுத்து ஒரு கப் மைதா 120 கிராமும் வரும், 150 கிராமும் வரும். சின்னத் தராசு ஒன்று வாங்கு. கேக்கை வைத்துச் சுற்றுவதற்கு நீ பார்த்துவைத்திருக்கும் சுழல்மேசையை விட அதுதான் முதல் தேவை. இன்னொன்று, உடம்புக்கு நல்லது என்று சர்க்கரையைப் பாதியாக்கிவிடாதே. இனிப்போடு ஈரத்தைப் பிடித்துவைப்பதும் மென்மை தருவதும் அதன் வேலைதான்.

வெண்ணெயில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளவென்று எண்ணெய் விடக் கூடாது. 18 முதல் 20 டிகிரி இருந்தால் சரி. அதில் சர்க்கரையைச் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைத் துகள்களின் முனைகள் வெண்ணெயைக் கீறிக் கீறிக் காற்றை உள்ளே அடைக்கின்றன. மஞ்சள் நிறம் வெளுத்து, பீட்டரைத் தூக்கினால் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் வரை விடாதே. ஐந்து நிமிடமாவது ஆகும். உருகின வெண்ணெய் காற்றைப் பிடிக்காது. அப்புறம் பேக்கிங் பவுடரைக் கூடுதலாகப் போட்டாலும் பயனில்லை. அது ஏற்கெனவே உள்ளே இருக்கிற குமிழ்களை ஊதிப் பெரிதாக்குமே தவிர, புதிதாக உண்டாக்காது. (அந்தப் பவுடரும் வீட்டுக்காகப் பிறந்ததுதான். இங்கிலாந்தில் ஆல்ஃப்ரெட் பேர்ட் என்ற மருந்தாளர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக 1843இல் செய்தது. முட்டையும் அவருக்கு ஆகாது என்பதால் கஸ்டர்ட் பவுடரையும் அவரே கண்டுபிடித்தார். வருகிற குழந்தைகளில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று முன்னாடியே கேட்டு வை.)

முட்டை ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வரக் கூடாது. சில்லென்று இருந்தால் கலவை திரிந்துவிடும். ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி அடி. மைதா விழுந்தபின் பீட்டரை ஓரம் வைத்துவிட்டுக் கரண்டியால் மெதுவாகக் கலந்து, வெள்ளை மறைந்ததும் நிறுத்து. அதற்குமேல் அடித்தால் பசைத்தன்மை கூடிக் கேக் இறுகும்.

ஓவன் 175 டிகிரி. முதல் இருபது நிமிடம் கதவைத் திறக்காதே. பாப்பா கேட்டாலும் கண்ணாடி வழியாகவே காட்டு. நடுவில் குத்திய குச்சியில் மாவு ஒட்டாமல், ஓரம் டின்னை விட்டு லேசாக விலகியிருந்தால் வெந்துவிட்டது. டின்னிலேயே பத்து நிமிடம் விட்டு, கம்பித் தட்டில் கவிழ்த்து, முழுசாக ஆறவிடு. பிறகு பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வை. இதுவரையிலான வேலை விழாவுக்கு இரண்டு நாள் முன்பே முடிய வேண்டும். அன்று காலையில் எழுந்து கேக் சுடுகிறேன் என்று ஆரம்பித்தால், விருந்தினர் வரும்போது நீ மாவுக் கையோடுதான் கதவைத் திறப்பாய்.

மறுநாள் அந்தக் கேக்கைத் தொட்டுப் பார், வித்தியாசம் தெரியும். நேற்று விரல் பட்டாலே உதிர்ந்தது, இன்று ரம்பக் கத்தியால் மேல் மேட்டைச் சீவினால் தகடு மாதிரி வரும். க்ரீமுக்கு 250 கிராம் வெண்ணெயை வெளுக்க அடித்து, 450 கிராம் ஐசிங் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர். விப்பிங் க்ரீம் எனக்கும் பிடிக்கும், ஆனால் சூடான அறையில் அது சீக்கிரம் தளர்ந்துவிடும். முதல் தடவைக்கு வெண்ணெய் க்ரீமே பத்திரம்.

முதல் பூச்சு மெல்லியதாக, கேக்கின் நிறம் தெரியத் தெரிய இருக்கட்டும். துகள்களைப் பிடித்து ஒட்டவைக்கத்தான் அது. அழகு பார்க்காதே. அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்கு இறுகியதும் இரண்டாவது பூச்சைத் தாராளமாக அப்பு. இப்போது க்ரீமை வழித்துச் சமமாக்கும் தட்டையான ஸ்க்ரேப்பரைப் பக்கவாட்டில் நேராக நிறுத்திப் பிடித்துக்கொள். அந்தக் கை நகரக் கூடாது. மற்ற கையால் மேசையை மட்டும் சுற்று. சுழல்மேசை இல்லையென்றால், கவிழ்த்த கிண்ணத்தின் மேல் பலகையை வைத்தும் ஒருமாதிரி சமாளிக்கலாம். விளிம்பில் எழும்பி நிற்கும் க்ரீமை வெளியிலிருந்து நடுவை நோக்கி இழுத்துவிடு.

ஃபாண்டன்ட், அதாவது தகடாகத் தேய்த்துக் கேக்கின் மேல் போர்த்தும் சர்க்கரைப் பசை, வேண்டாம் என்பது என் கட்சி. படத்தில் வழவழவென்று இருக்கும், சாப்பிடும்போது பாதிப் பேர் அதை உரித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவார்கள். குதிரைக்கு எளிய வழி உண்டு. பாப்பாவிடம் இருக்கிற பொம்மையைக் கழுவித் துடைத்து, ஒரு சின்ன அட்டை வட்டத்தில் நிறுத்திவிடு. அவளுக்கு அதுதான் பிடிக்கும், விழா முடிந்ததும் அவள் கையிலேயே இருக்கும். விளிம்பில், க்ரீம் பிழியும் பையின் முனையில் நட்சத்திர நாசிலை மாட்டி ஒரு வரிசை பிழிந்தால் போதும். முதலில் பட்டர் பேப்பரில் பிழிந்து பழகு, வழித்து மறுபடி பைக்குள் போட்டுக்கொள்ளலாம். பேரெழுத நினைத்தால் பல்குத்தியால் லேசாகக் கீறிப் பார்த்துக்கொள். நடு எழுத்திலிருந்து இடமும் வலமும் போனால் கடைசி எழுத்து விளிம்பில் நசுங்காது.

நிறத்துக்கு ஜெல் வடிவிலான சாயம் வாங்கு, தண்ணீராக இருக்கும் சாயம் க்ரீமை இளக்கும். நினைத்ததை விட ஒரு படி வெளிறலாகக் கலந்தால் போதும், ராத்திரிக்குள் தானே அடர்ந்துவிடும். மினுக்குத் தூளில் "நச்சில்லை" என்று இருந்தால் மட்டும் போதாது, "உண்ணத் தகுந்தது" என்றே எழுதியிருக்க வேண்டும். நிஜப் பூ வைக்கும் ஆசை வந்தால் எது என்று எனக்குப் படம் அனுப்பு. அரளி மாதிரி விஷப் பூக்களைக் கேக்கின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வை. குளிரில் வெண்ணெய் கெட்டியாகிக் கேக் வறண்ட மாதிரி தெரியும், அறைச் சூட்டில்தான் அதன் மென்மை திரும்ப வரும். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து வெட்டு, ஒவ்வொரு துண்டுக்கும்.

இன்று ராத்திரியே உன் டின்னின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து அனுப்பு. கலவைக் கணக்கைப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா