கொட்டப்பெட்டிக்குள் ஓர் ஈர்க்கு

எங்கள் ஊர் மக்களுக்கும், கடல் கடந்து இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும்,

வெள்ளத்தைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்தவர்களுக்கு அது தெரியும். வெளியில் இருந்துகொண்டு போன் அடித்து அடித்துக் களைத்தவர்களுக்கும் தெரியும். குவைத்தில் நான் ஐந்து நாள் அம்மாவின் குரலைக் கேட்காமல் இருந்தேன். அவ்வளவு சொன்னால் போதும். போன கிழமை லீவில் வீட்டுக்கு வந்தேன், நாளை மறுநாள் திரும்புகிறேன். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு நன்றி. அப்பாவைத் தூக்கி உழவு மெஷினில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன அண்ணன்மார், அங்கே அடுப்பு அணையாமல் சமைத்துப் போட்ட அக்காமார், நனையாமல் மருந்துத் துண்டுகளைப் பொலித்தீன் பையில் சுற்றிக் காப்பாற்றிய பக்கத்து வளவுப் பிள்ளை, வீடு வீடாகச் சேற்றில் நடந்து பட்டியல் எடுத்த ஆசிரியர், கையெழுத்துக்கு ஒரு நாளும் அலைய விடாத கிராம சேவகர், சுவிஸ், கனடா, லண்டன், கத்தார் என்று இருக்கிற இடத்தில் இருந்து காசு சேர்த்த எல்லோரும். ஒருவர் பெயரைச் சொன்னால் இன்னொருவர் விடுபடுவார். அதனால் பெயரே வேண்டாம்.

எழுபது வயது கடந்தவர்கள் தனியாக இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் 40,000 ரூபாய். பொதியாக அல்ல, காசாக. ஒருவரையும் நிற்க வைத்துப் படமும் எடுக்கவில்லை. இந்த இரண்டுக்கும் உங்களைக் கும்பிட வேண்டும்.

ஏனென்றால் முன்னொரு முறை எங்கள் வீட்டுக்குப் பொதி வந்தது. அதில் சீனியும் கோதுமை மாவும் இருந்தன. வீட்டில் இரண்டு பேருக்கும் சீனி வருத்தம் (நீரிழிவு). பொதியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி எடுத்த படம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் என் போனுக்கும் வந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தந்தவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் நல்ல மனதோடுதான் தந்தார்கள். ஆனால் அந்தப் படத்தை இன்றைக்கு வரைக்கும் இரண்டாம் முறை பார்க்க என்னால் முடியவில்லை.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

காசைக் கொண்டுவந்து கொடுத்தது உயர்தரம் படிக்கிற ஒரு தம்பி. எட்டு ஐயாயிரம் ரூபாய்த் தாள்கள். அம்மா அதை வாங்கி, அப்படியே அவரிடம் திருப்பி நீட்டி, "சரியா இருக்கா எண்டு நீயே பாத்து வை மனே" என்றாராம். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடையில், காசு வைக்கிற கொட்டப்பெட்டியைத் திறந்து நீட்டி, "எவ்வளவெண்டு நீங்களே எடுங்க" என்று அம்மா சொல்லத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது என்பது, மகளாகிய எனக்கே தெரியாது. ஒரு இடத்தில் நூறு என்று நினைத்து ஆயிரத்தைக் கொடுத்துவிட்டார், மிச்சம் வரவில்லை. வீட்டுக்கு வந்துதான் கணக்கு இடித்தது. போய்க் கேட்க வெட்கம். அன்றையிலிருந்து எண்ணுவதையே விட்டுவிட்டார்.

அந்தத் தம்பி அன்று ஒன்றும் சொல்லாமல், கேட்டு இரண்டு தாளை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ஊர்க் கடையில் ஐயாயிரத்தை மாற்ற ஏலாது. சைக்கிளில் மண்முனைப் பாலம் தாண்டி ஆரையம்பதிக்குப் போய் மாற்றியிருக்கிறார். (2014 இல் அந்தப் பாலம் திறக்கும் வரை நாங்கள் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்குப் போவோம். அம்மா இன்னும் அந்தத் திசையைக் காட்டி "பாதையடி" என்றுதான் சொல்வார்.) அடுத்த நாள் விடிய ஐந்நூறு ரூபாயில் பதினாறு தாளும் நூறு ரூபாயில் இருபது தாளுமாக வந்து, தாவாரத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். கையில் ஒரு தென்னை ஈர்க்கு, ஒரு பிளேட்.

2011 இல் வந்த நம்முடைய தாள் காசுகளுக்கு அகலம் ஒன்றுதான், நீளம்தான் வேறு. மதிப்பு ஒரு படி கூடினால் நீளம் ஐந்து மில்லிமீற்றர் கூடும். ஒரு பயறு அளவு. இத்தனை வருஷம் காசு எண்ணியும் நான் இதைக் கவனித்ததில்லை. அந்தத் தம்பி ஈர்க்கை ஐயாயிரம் ரூபாய்த் தாளின் நீளத்துக்கு நறுக்கி, அதில் மூன்று வெட்டு வெட்டியிருக்கிறார். தாளின் ஒரு ஓரத்தை ஈர்க்கின் அடியோடு சேர்த்துப் பிடித்தால் மற்ற ஓரம் எந்த வெட்டில் வந்து நிற்கிறதோ அதுதான் காசு. முதல் வெட்டு நூறு, அடுத்தது ஐந்நூறு, மூன்றாவது ஆயிரம், நுனி வரைக்கும் வந்தால் ஐயாயிரம்.

ஒரு நாளில் பிடிபடவில்லை. நான்கு நாள் பின்னேரம் பின்னேரம் வந்திருக்கிறார். தாளைக் கலைத்துக் கலைத்துக் கொடுத்து, "இது என்ன பெத்தா?" என்று கேட்டு, பிழைத்தால் ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் அதையே கையில் வைத்து. நாலாம் நாள் பதினைந்து தாளில் ஒன்றுதான் பிழைத்ததாம். இதை அப்பா எனக்குச் சொல்லும்போது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

வந்த மறுநாள் நான் அம்மாவோடு கடைக்குப் போனேன். தேயிலை, சவர்க்காரம், கருவாடு. முதலாளி 1,130 என்றார். நான் என் கைப்பையைத் திறக்கப் போனேன், அம்மா என் கையைத் தட்டிவிட்டார். கொட்டப்பெட்டியிலிருந்து ஈர்க்கை எடுத்து, பெருவிரல் நகத்தால் வெட்டைத் தடவி, இரண்டு ஐந்நூறும் இரண்டு நூறும் எடுத்து மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். பிறகு கையை நீட்டியபடியே நின்றார், எழுபது ரூபாய் மிச்சத்துக்காக. அந்த நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே அழுதேன்.

மற்றக் காசு என்ன ஆனது என்றும் சொல்ல வேண்டும், தந்தவர்களுக்கு அது தெரிய வேண்டும். கடைக் கொப்பியில் இருந்த கடன் முழுக்க வெட்டியாயிற்று. குசினிக்கு தகரம் மாற்றியாயிற்று. அப்பாவுக்குக் குந்த ஏலாது, அவருக்கு ஒரு கொமட் கதிரை. நாலு பேட்டுக்கோழி. ஓட்டோ பிடித்து மட்டக்களப்புக்குக் கண் கிளினிக் போய், ஒப்பரேஷனுக்குத் திகதியும் எடுத்தாயிற்று. அரசாங்கத்தின் முதியோர் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 3,000 இலிருந்து 5,000 ஆனது பெரிய உதவிதான். ஆனால் அது வந்த கையோடு மருந்துக்கும் கறி புளிக்கும் போய்விடும். "அது வயித்துக்கு, இது வீட்டுக்கு" என்றார் அம்மா. சேர்ந்தாற்போல ஒரு தொகை கையில் வந்தால்தான் தகரம் மாற்றலாம், கடன் அடைக்கலாம். மாதம் மாதம் வருவதில் மிச்சம் பிடித்துத் தகரம் வாங்க எந்தக் கிழவியால் முடியும்?

இன்னொன்று. வைகாசிச் சடங்குக்கு வீட்டு வரி என்று அம்மா ஆயிரம் ரூபாயைத் தனியாகத் துணியில் முடிந்து வைத்திருக்கிறார். இரண்டு வருஷமாக வரி கொடுக்க முடியாமல் அம்மன் கோயில் வாசலில் கூட ஏறவில்லையாம். உடம்புக்கு வருத்தம் என்று எனக்குப் போனில் சொன்னது அதுதான். நீங்கள் தந்த காசில் ஒரு பங்கு இப்படிக் கோயிலுக்குப் போகிறதே என்று யாரும் நினைக்காதீர்கள். வாங்கி வாங்கியே கூனிப்போன ஒரு மனுஷிக்கு, ஊரோடு சேர்ந்து கொடுக்கவும் ஒரு வழி வந்திருக்கிறது.

நானும் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். இத்தனை நாளும் நான் அனுப்பிய காசு வேறொருவர் கணக்குக்குத்தான் போகும், அவர் சாமான் வாங்கிக் கொடுப்பார். இனி அம்மாவின் கணக்குக்கே போகும். "என்ன செய்தீங்க?" என்று போனில் கணக்குக் கேட்கவும் மாட்டேன். எங்கள் ஒழுங்கையில் கண் மங்கிய இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். நேற்றுப் பின்னேரம் அவர்களுக்கும் ஈர்க்கு வெட்டினேன். ஒன்று பிழைத்துவிட்டது, அம்மா தடவிப் பார்த்துத் திருப்பித் தந்தார்.

தம்பி, நான் வந்ததிலிருந்து உங்களைத் தேடுகிறேன், நீங்கள் வகுப்பு வகுப்பு என்று டவுனில் நிற்கிறீர்களாம். நேரில் சொல்லக் கிடைக்கவில்லை. சோதனை முடிய ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். கோழிகள் இப்போது முட்டை இடுகின்றன. முதல் ஆறு முட்டையை அம்மா உங்கள் வீட்டுக்கென்று உமிக்குள் வைத்திருக்கிறார், என்னைக் கூடத் தொட விடவில்லை.